நள்ளிரவில் கடைவாய்ப்பல் வலி: திங்கள் வரை தாங்குமா, இப்போதே ஓட வேண்டுமா?

தூங்காதவன் | ஞாயிறு, அதிகாலை 2.10

யாராவது விழித்திருக்கிறீர்களா?

கீழ்த் தாடை, வலது பக்கம், ஞானப்பல்லுக்கு முந்தைய கடைவாய்ப்பல். மூன்று வருடத்துக்கு முன் சொத்தை அடைத்தது. போன மாதம் அந்த அடைப்பில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. வலி இல்லை, கூச்சம் மட்டும்தான். அதனால் இடது பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டிவிட்டேன். நேற்று மாலை ஆரம்பித்தது. இப்போது நாடித் துடிப்போடு சேர்ந்து விண் விண்ணென்று தெறிக்கிறது. காது, நெற்றிப்பொட்டு எல்லாம் வலிக்கிறது. எந்தப் பல் என்று விரல் வைத்துச் சொல்லவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

படுத்தால் உயிர் போகிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் பரவாயில்லை. குளிர்ந்த தண்ணீரை வாயில் அடக்கி வைத்திருக்கும் வரை வலி தெரிவதில்லை. துப்பியதும் திரும்ப வந்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு குடம் வைத்துக்கொண்டுதான் இதைத் தட்டச்சு செய்கிறேன்.

போன வருடம் தொண்டைக்கு வாங்கிய அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் நாலு மாத்திரை மீதி இருக்கிறது. போட்டுவிட்டு திங்கட்கிழமை வரை ஓட்டலாமா? இல்லை, மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே போய்விடவா?

பழைய_கேப் | அதிகாலை 2.31

நான் விழித்திருக்கிறேன், வேறு காரணத்துக்காக. நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் தாடையும் கூசுகிறது.

ஒரே ஒரு விஷயம் உடனே சொல்லிவிடுகிறேன். யாராவது ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். எனக்கு ஒரு பெரியவர் சொல்லி, நானும் வைத்தேன். காலையில் ஈறு வெள்ளையாக உரிந்து தொங்கியது. மாத்திரை ஒரு அமிலம், தோலைச் சுட்டுவிட்டது. பல் வலியும் போகவில்லை, புண்ணும் சேர்ந்துகொண்டது. கிராம்பு எண்ணெய் கொஞ்சம் உதவும், ஆனால் ஒரு பஞ்சில் தொட்டு, உபரியைப் பிழிந்துவிட்டு, குழிக்குள் மட்டும் வையுங்கள். ஈறு முழுக்கத் தடவினால் அதுவும் எரிக்கும்.

முப்பது_வருட_நாற்காலி | அதிகாலை 2.48

ஓய்வுபெற்ற பல் மருத்துவன். வயசானால் தூக்கம் வராது, இது போன்ற மன்ற இழைகளில் உட்கார்ந்திருப்பேன்.

தம்பி, முதலில் நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். முகத்திலோ தாடைக்கு அடியிலோ வீக்கம் உண்டா? காய்ச்சல்? ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, நிமிர்த்தி, முன்பற்களுக்கு நடுவே நுழைக்க முடிகிறதா? எச்சில் விழுங்கும்போது தொண்டையில் வலி உண்டா? நாக்கை மேலே தூக்கினால் அடியில் மெத்தென்று இருக்கிறதா, பலகை போல இறுகிக் கிடக்கிறதா? அப்புறம், சர்க்கரை, சிறுநீரகம், வயிற்றுப்புண், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, இவற்றில் ஏதாவது?

வலி எவ்வளவு என்று நான் கேட்கவில்லை, கவனித்தீர்களா? எங்கே போவது என்பதை வலி சொல்லாது. உயிர் போகிற மாதிரி வலிக்கும் பல் பெரும்பாலும் நாளை வரை காத்திருக்கும். லேசாக வலித்துக்கொண்டே கழுத்து வீங்கும் பல்தான் காத்திருக்காது.

தூங்காதவன் | அதிகாலை 2.57

நன்றி டாக்டர். வீக்கம் இல்லை. வெப்பமானியில் காய்ச்சல் இல்லை. மூன்று விரலும் நுழைகிறது. விழுங்க முடிகிறது, நாக்குக்கு அடியில் மெத்தென்றுதான் இருக்கிறது. சர்க்கரை உண்டு, ஆறு வருடமாக மாத்திரை. போன மாதப் பரிசோதனையில் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மற்றது எதுவும் இல்லை.

முப்பது_வருட_நாற்காலி | அதிகாலை 3.20

அப்படியானால் இன்றிரவு அவசரப் பிரிவு வேண்டாம். உங்களுக்கு வேண்டியது பல்லைத் திறக்கும் கை. அது பெரும்பாலான அவசரப் பிரிவுகளில் இருக்காது.

பல்லுக்கு நடுவே ஒரு குழி, அதில் நரம்பும் ரத்தக் குழாய்களும் சேர்ந்த கூழ். உடம்பில் வேறு எங்கே அழற்சி வந்தாலும் அந்த இடம் வீங்கி அழுத்தத்தைத் தணித்துக்கொள்ளும். பல்லுக்குள் வீங்க இடம் இல்லை, சுற்றிலும் சுவர். படுத்தால் தலைக்கு ரத்த அழுத்தம் கூடுகிறது, அதனால்தான் இரவில் வலி பேயாட்டம் ஆடுகிறது. இரண்டு மூன்று தலையணை அடுக்கி, சாய்ந்தே தூங்கப் பாருங்கள். சூடு பட்டால் வலி, குளிர்ந்தால் நிம்மதி என்ற நிலை வந்துவிட்டால், கூழ் திரும்பி வர முடியாத கட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அடைப்பை மட்டும் புதுப்பித்து இனித் தப்பிக்க முடியாது. வேர் சிகிச்சை (ரூட் கேனால்), இல்லையென்றால் பல்லை எடுப்பது.

இப்போதைக்கு: ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், கூடவே பாராசிட்டமால் 500. வெறும் வயிற்றில் வேண்டாம். நாளுக்கு மூன்று வேளை. இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் சேர்த்துப் போடலாம். பல் வலிக்கு முதலில் இந்த வகை மருந்துகள்தான், மார்ஃபின் வகை ஓபியாய்டுகள் அல்ல என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலும் சொல்கிறது. மருத்துவர் சொல்லாமல் ஐபுப்ரோஃபென் நாளுக்கு 1200-ஐத் தாண்டாதீர்கள். பாராசிட்டமால் 4000-ஐத் தாண்டவே கூடாது. சளி மாத்திரைகளிலும் அது ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

வேறு யாராவது இதைப் படித்தால்: வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, இந்த வகை மாத்திரைக்கு இழுப்பு வரும் ஆஸ்துமா, 20 வாரம் தாண்டிய கர்ப்பம், இவர்களுக்கு ஐபுப்ரோஃபென் கிடையாது. கேட்காமல் போடாதீர்கள்.

அந்த நாலு அமாக்சிசிலினைக் குப்பையில் போடுங்கள். ஏன் என்று புரியும்படி காலையில் எழுதுகிறேன்.

எதிர்க்கட்சி | ஞாயிறு, காலை 7.40

டாக்டர் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இதே மாதிரி போன வருடம் வந்தது. வீட்டில் இருந்த ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் போட்டேன், சுத்தமாக நின்றுவிட்டது. இன்று வரை ஒன்றும் இல்லை. நான் மட்டும் அன்று போயிருந்தால் மூன்று தடவை வரச் சொல்லி, பல்லைக் குடைந்து, அதன் தலையில் ஒரு கேப் (உறை) மாட்டி அனுப்பியிருப்பார்கள். நேர்மையாகச் சொல்லுங்கள், மாத்திரையில் போகிற விஷயத்துக்கு எதற்கு இவ்வளவு?

முப்பது_வருட_நாற்காலி | காலை 9.05

கோபம் எதற்கு? இந்தக் கேள்வியை நாற்காலியில் உட்கார்ந்தே ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள்.

மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் போகும். அழுகிக்கொண்டிருக்கும் கூழுக்குள் ரத்த ஓட்டமே ஒடுங்கிவிடுகிறது, கூழ் செத்த பிறகு அறவே இல்லை. மருந்து வாசல் வரை போய்த் திரும்பும். அதோடு, ஆரம்பக் கட்டத்தில் வலிக்குக் காரணம் அழற்சி, பரவும் தொற்று அல்ல. அதனால்தான் நல்ல நோய் எதிர்ப்புள்ள பெரியவர்களுக்கு, பல்லுக்கே நேரடியாகச் சிகிச்சை செய்ய வழி இருக்கும்போது பெரும்பாலான கூழ் வலிகளுக்கு ஆன்டிபயாடிக் தர வேண்டாம் என்று அதே சங்கம் 2019-லேயே எழுதிவிட்டது. காய்ச்சல், பரவும் வீக்கம், உடம்பு முழுக்க அசதி, இவை வந்தால் கதை வேறு. அப்போதும் மாத்திரை துணைக்குத்தான். சீழை வெளியேற்றுவதுதான் சிகிச்சை.

உங்களுக்கு நின்றது எப்படி என்கிறீர்களா? மூன்று நாளில் நரம்பு செத்திருக்கும். செத்த நரம்பு கத்தாது. நீங்கள் மாத்திரை போட்ட மூன்று நாளும் அது சாக எடுத்துக்கொண்ட மூன்று நாளும் ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

எதிர்க்கட்சி | காலை 9.12

என் பல் நன்றாகத்தான் இருக்கிறது.

இரவுப்பணி | காலை 9.50

அவசரப் பிரிவில் செவிலியர். பணி முடிந்து வந்து பார்த்தால் இந்த இழை. எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பல் வலியோடு இரவில் வருகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் வலி மாத்திரை கொடுத்து, காலையில் பல் மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்புவதைத் தவிர எங்களால் முடிந்தது குறைவு. பல்லைத் திறக்கக் கருவியும் இல்லை, ஆளும் இல்லை. நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எங்களைத் திட்டிக்கொண்டு போவார்கள்.

ஆனால் சிலரைப் பார்த்ததும் நாங்கள் வரிசையை உடைத்து உள்ளே கொண்டுபோவோம். கீழ்க் கடைவாய்ப்பல், குறிப்பாகக் கடைசி இரண்டு பற்களின் வேர் நுனி தாடையில் தாழ்வான இடத்தில் முடிகிறது. அங்கிருந்து கிளம்பும் சீழ் வாய்க்குள் வடியாமல் தாடைக்கு அடியில், கழுத்தை நோக்கி இறங்கலாம். இரண்டு பக்கமும் பரவி வாயின் தரை முழுக்க இறுகிப்போவதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். வில்ஹெல்ம் ஃபிரெட்ரிக் ஃபான் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் 1836-ல் விவரித்தார். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள். காரணம் தொற்று மட்டும் அல்ல, மூச்சு. நாக்கு மேலும் பின்னுமாகத் தள்ளப்பட்டு காற்று வழி அடைபடும்.

அப்படி வருகிறவர்களை நான் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள், படுக்க மாட்டார்கள். எச்சிலை விழுங்க முடியாமல் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் இருக்கும். இதில் ஏதாவது ஒன்று வந்தால் பல் மருத்துவமனைக்குப் போன் செய்துகொண்டிருக்காதீர்கள். ஆம்புலன்ஸ். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

மேல் பல்லுக்கும் ஒரு எச்சரிக்கை. கோரைப்பல் பக்கத்து வீக்கம் கண்ணை நோக்கி ஏறி, இமை மூடிக்கொண்டால், பார்வை மங்கினால், அதுவும் எங்களிடம்தான் வர வேண்டும்.

இன்னொன்று, பல்லுக்குச் சம்பந்தமில்லாதது. பல்லில் ஒரு கோளாறும் தெரியாமல், மாடிப்படி ஏறும்போது கீழ்த் தாடை வலித்து, நின்றால் அடங்கினால் அது இதயமாக இருக்கலாம். கூடவே வியர்வை, மார்பில் பாரம் என்றால் ஒரு நிமிடம் தாமதிக்காதீர்கள்.

முன்மேசை | ஞாயிறு, காலை 11.15

நான் ஒரு பல் மருத்துவமனையில் போன் எடுக்கிறவள். எல்லாரும் மருந்தைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னைத் தாண்டினால்தானே டாக்டர்?

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் பதிவுக் குரல் வரும். "நாங்கள் மூடியிருக்கிறோம்" என்றதும் எல்லாரும் வைத்துவிடுவார்கள். முழுசாகக் கேளுங்கள். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதைப் பல இடங்களில் கடைசியில்தான் சொல்லியிருப்பார்கள். எங்களுடையதும் அப்படித்தான், நாற்பதாவது வினாடியில் வருகிறது. முன்னால் கொண்டுவரச் சொல்லி நானும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை "பல் வலிக்குது, அப்பாயிண்ட்மெண்ட் வேண்டும்" என்று பத்துப் பேர் கூப்பிடுவார்கள். அவர்களில் யாரை முதலில் உட்கார வைப்பது என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்படிச் சொல்லுங்கள்: "கீழ் வலது கடைவாய்ப்பல், சனிக்கிழமை மாலையிலிருந்து, தானாகவே வலிக்கிறது, இரவு தூங்கவில்லை, இந்த மாத்திரை இத்தனை தடவை போட்டேன், சர்க்கரை உண்டு, வீக்கம் இல்லை." அரை நிமிடம்கூட ஆகாது. சர்க்கரை என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன், தொற்று வேகமாகப் பரவும் என்பதால். வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் எழுந்துபோய்ச் சொல்வேன். இல்லாததை இருப்பதாகச் சொல்லாதீர்கள். வந்ததும் தெரிந்துவிடும், அடுத்த முறை உங்கள் பெயரைப் பார்த்தால் நம்பிக்கை போய்விடும்.

அப்புறம் ஒரு மந்திர வாக்கியம்: "இன்றே முழு சிகிச்சை வேண்டாம். வலியை அடக்கிவிட்டால் போதும், மிச்சத்துக்குப் பிறகு வருகிறேன்." முழு வேர் சிகிச்சைக்கு இடம் கேட்டால் மூன்று வாரம் கழித்துத்தான் என்று சொல்வேன். பல்லைத் திறந்து, மருந்து வைத்து, தற்காலிகமாக மூடுவதை இரண்டு பேருக்கு நடுவே எப்படியாவது நுழைத்துவிடலாம். யாராவது வராமல் போனால் கூப்பிடும் பட்டியலிலும் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் வந்துசேர்வீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எங்கேயும் இடம் இல்லையா? பல் மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊர் என்றால் அதன் புறநோயாளிகள் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நேரம் ஆகும், மாணவர்கள் பார்ப்பார்கள், மேலே ஆசிரியர்கள் நிற்பார்கள். செலவும் பெரும்பாலும் குறைவு.

இரண்டு_வாண்டு_அம்மா | ஞாயிறு, பகல் 12.40

வலி இல்லாத ஒரு அவசரத்தையும் இதிலேயே எழுதிவைக்கிறேன். தேடுகிறவர்களுக்குக் கிடைக்கட்டும்.

என் பெரியவனுக்கு ஒன்பது வயதில் ஊஞ்சல் பலகை வாயில் அடித்து மேல் முன்பல் ஒன்று வேரோடு தெறித்துவிட்டது. புல்லில் தேடி எடுத்தேன். அப்புறம் நான் செய்தது எல்லாம் தப்பு. வேரைப் பிடித்துத் தூக்கினேன், மண் போகட்டும் என்று கைக்குட்டையால் துடைத்தேன், அதே கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டேன். போனில் பேசிய டாக்டர்தான் திட்டாத குறையாகப் பாலில் போடச் சொன்னார். அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது.

வேரின் மேல் பட்டுப்போல ஒரு சவ்வு இருக்குமாம். அந்தச் செல்கள் உயிரோடு இருந்தால்தான் பல் எலும்போடு பழையபடி ஒட்டும். காய்ந்த நிலையில் ஒரு மணி நேரம் போனால் அவை மிஞ்சாது. ஆகவே வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து, அழுக்கு இருந்தால் பாலிலோ உப்புக் கரைசலிலோ லேசாக அலசி, தேய்க்காமல், அங்கேயே குழிக்குள் செருகிவிடுவதுதான் எல்லாவற்றையும் விடச் சிறந்தது. அப்படியே ஒரு சுத்தமான துணியை மெதுவாகக் கடிக்க வைத்து ஓட வேண்டும். செருகத் தைரியம் வரவில்லை என்றால் பால். பாலும் இல்லை என்றால் அவர்களுடைய எச்சிலிலேயே வைக்கலாம். வெறும் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, அந்தச் செல்கள் உப்பி வெடித்துவிடும்.

பால் பல் விழுந்தால் இதெல்லாம் வேண்டாம். திருப்பிச் செருகினால் உள்ளே வளரும் நிலைப்பல்லைக் கெடுத்துவிடும். அப்போதும் குழந்தையைக் காட்டத்தான் வேண்டும்.

இவனுக்கு வளையும் மெல்லிய கம்பி போட்டுப் பக்கத்துப் பற்களோடு இரண்டு வாரம் கட்டி வைத்தார்கள். வேர் நுனி முழுசாக மூடாத வயது என்பதால் நரம்பு மீண்டும் உயிர்பிடிக்கிறதா என்று காத்திருந்து பார்த்தார்கள். பிடிக்கவில்லை. மூன்றாவது மாதம் வேர் சிகிச்சை. இப்போது பன்னிரண்டு வயது, பல் நிற்கிறது. எக்ஸ்-ரே எடுக்கும் நாள் எல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும், அந்த இருபது நிமிடம் ஞாபகத்துக்கு வரும்.

முப்பது_வருட_நாற்காலி | பகல் 1.10

அம்மா, இருபது நிமிடத்தில் பாலுக்குப் போன பல் அதிர்ஷ்டசாலிப் பல். மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். தடுப்பூசி அட்டையில் டெட்டனஸ் பார்த்தார்களா? மண்ணில் விழுந்த பல்லுக்கு அதையும் பார்க்க வேண்டும்.

இரண்டு_வாண்டு_அம்மா | பகல் 1.25

பார்த்தார்கள் டாக்டர். அன்றைக்கே கேட்டார்கள்.

பழைய_கேப் | பகல் 2.00

இடையில் ஒரு சின்னக் கேள்வி. என் பெயருக்கு ஏற்ற மாதிரி கேப் கழன்று கையோடு வந்துவிட்டது. சூப்பர் பசை போட்டு ஒட்டலாமா?

முப்பது_வருட_நாற்காலி | பகல் 2.08

கூடாது. மருந்துக்கடையில் தற்காலிகப் பல் சிமென்ட் கிடைக்கும், அது இல்லை என்றால் செயற்கைப் பல்செட் ஒட்டும் பசை. உள்ளே சுத்தம் செய்து, முதலில் பசை இல்லாமல் வைத்துப் பாருங்கள், சரியாக உட்காருகிறதா என்று. தூங்கும்போது கழற்றி வையுங்கள். விழுங்கினால் பரவாயில்லை, மூச்சுக் குழாய்க்குள் போனால் ஆபத்து. நாலைந்து நாளுக்குள் போய் நிரந்தரமாக ஒட்டிவிடுங்கள்.

தூங்காதவன் | திங்கள், காலை 8.20

நல்ல செய்தி! முன்மேசை சொன்ன மாதிரியே போன் செய்தேன், இன்று மாலை 5.30-க்கு இடம் கிடைத்தது. அதை விட நல்ல செய்தி, நள்ளிரவோடு வலி நின்றுவிட்டது. சுத்தமாக. இரண்டு நாள் கழித்து ஆறு மணி நேரம் தூங்கினேன். தட்டினால் மட்டும் பல் கொஞ்சம் உயரமாக இருப்பது போலத் தெரிகிறது. அலுவலகத்தில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. அடுத்த வாரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

எதிர்க்கட்சி | காலை 8.26

சொன்னேனா இல்லையா? மாத்திரைகூடப் போடாமலே நின்றுவிட்டது.

முப்பது_வருட_நாற்காலி | காலை 8.31

மாற்றாதீர்கள்.

இரண்டு நாள் கூத்தாடிய பல் ஒரே இரவில் அடங்கினால் எனக்குச் சந்தோஷம் வராது, பயம்தான் வரும். நரம்பு முடிந்துவிட்டது. "உயரமாக இருப்பது போல" என்கிறீர்களே, வேர் நுனியில் சீழ் சேர ஆரம்பித்துப் பல்லை மேலே தள்ளுகிறது. சர்க்கரை வேறு. 5.30-க்கு அங்கே இருங்கள்.

முன்மேசை | காலை 8.50

நான் அங்கே வேலை செய்யவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ரத்து செய்துவிட்டு நாளைக்குக் கூப்பிட்டால் அந்த இடம் இருக்காது.

தூங்காதவன் | திங்கள், மாலை 4.05

மாற்றவில்லை. மாற்றாதது நல்லதாகப் போயிற்று. மத்தியானம் கண்ணாடியில் பார்த்தால் வலது தாடை ஓரம் லேசாக உப்பியிருக்கிறது. காய்ச்சல் 38.1 டிகிரி செல்சியஸ். வலி இன்னும் அவ்வளவு இல்லை! வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

இரவுப்பணி | மாலை 4.09

வெளியே சூடு வைக்காதீர்கள். துணியில் சுற்றிய குளிர் ஒத்தடம், பத்துப் பதினைந்து நிமிடம், அவ்வளவுதான். இப்போது இரண்டு மட்டும் பாருங்கள்: மூன்று விரல் நுழைகிறதா? எச்சில் சிரமமில்லாமல் இறங்குகிறதா? ஆம் என்றால் 5.30 வரை காத்திருக்க வேண்டாம், இப்போதே போன் செய்து வீக்கம், காய்ச்சல், சர்க்கரை என்று மூன்றையும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இல்லை என்றால் நேராக மருத்துவமனை.

தூங்காதவன் | மாலை 4.12

இரண்டரை விரல். எச்சில் இறங்குகிறது. கிளம்பிவிட்டேன், தம்பி ஓட்டுகிறான்.

தூங்காதவன் | செவ்வாய், காலை 10.30

உயிரோடு இருக்கிறேன். எழுதும் அளவுக்குத் தெம்பும் இருக்கிறது.

போனவுடன் உள்ளே அழைத்துவிட்டார்கள். எக்ஸ்-ரேயில் வேர் நுனியைச் சுற்றி ஒரு கரிய வளையம். நாக்குக்கு அடியில் விரலால் அழுத்திப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், அதில் நீண்ட நேரம் போயிற்று. பரவவில்லை என்று உறுதியான பிறகுதான் ஊசியை எடுத்தார். எனக்குப் பயமே அந்த ஊசிதான். முதல் ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. சீழும் அழற்சியும் உள்ள இடம் அமிலத்தன்மையோடு இருக்கும், மரக்கவைக்கும் மருந்து அங்கே சரியாக வேலை செய்யாது, உங்கள் உடம்பில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, இன்னும் உள்ளே தள்ளி நரம்பு வரும் வழியிலேயே இன்னொன்று போட்டார். கையைத் தூக்கினால் நிறுத்துவேன் என்றார். இரண்டு தடவை தூக்கினேன், இரண்டு தடவையும் நிறுத்தினார். அந்த ஒரு வாக்குறுதிக்காகவே அவரைக் கும்பிடலாம்.

பல்லைத் திறந்ததும் வந்த நாற்றத்தைப் பற்றி எழுத மாட்டேன். ஈறிலும் ஒரு சிறு கீறல் போட்டு வடித்தார். எழுந்து உட்கார்ந்தபோது தாடையிலிருந்து யாரோ ஒரு கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது.

ஆன்டிபயாடிக்கும் கொடுத்திருக்கிறார், டாக்டர் சொன்ன அதே காரணம்: காய்ச்சல், வீக்கம், சர்க்கரை. மூன்றாம் நாள் வந்து காட்ட வேண்டும். அதற்குள் வாய் திறப்பது குறைந்தால், விழுங்கச் சிரமம் வந்தால், நேராக மருத்துவமனைக்கு என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். சர்க்கரை அளவையும் இந்த வாரம் தினமும் பார்க்கச் சொன்னார். வேர் சிகிச்சையின் மிச்சம் இரண்டு வாரம் கழித்து.

காலையில் காய்ச்சல் இல்லை. மூன்று விரலும் நுழைகிறது.

முப்பது_வருட_நாற்காலி | காலை 10.55

நல்ல கைக்குப் போயிருக்கிறீர்கள். தற்காலிக அடைப்பு மேல் அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். வலி இல்லை என்று இரண்டாவது வருகையை விட்டுவிடாதீர்கள். பாதி வேர் சிகிச்சையோடு காணாமல் போய் ஒரு வருடம் கழித்துப் பல்லைப் பிடுங்க வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

எதிர்க்கட்சி | செவ்வாய், இரவு 9.45

டாக்டர், சும்மா ஒரு தகவலுக்காகக் கேட்கிறேன். அந்தப் பழைய பல்லுக்கு நேரே ஈறில் ஒரு சின்னப் பரு மாதிரி இருக்கிறது. மாதம் ஒரு முறை வரும், உடையும், வாயில் உப்புக் கரிக்கும், போய்விடும். வலியே இல்லை. அது ஒன்றும் இல்லைதானே?

முப்பது_வருட_நாற்காலி | இரவு 9.52

அது சீழ் தனக்காக வெட்டிக்கொண்ட வாய்க்கால். வெளியே வடிந்துகொண்டிருப்பதால்தான் உங்களுக்கு வலி இல்லை. அடைபட்டால் தெரியும். இன்றிரவு ஓட வேண்டாம், இந்த வாரமே காட்டுங்கள்.

முன்மேசை | இரவு 9.58

காலை 9 மணிக்குக் கதவு திறந்ததும் போன் செய்யுங்கள். எந்தப் பல், எத்தனை மாதம், பரு எப்போது கடைசியாக உடைந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு.

எதிர்க்கட்சி | இரவு 10.06

கீழ் இடது, கடைசிக்கு முந்தையது. பதினாலு மாதம். போன வியாழன்.